முரசின் நிறமும் ஒரு துளி இரத்தமும்: மட்டக்களப்பில் ஒரு வளர்ப்பு நாயின் நோயைக் கண்டறிவது எப்படி?

மட்டக்களப்பில் ஒரு பசு படுத்துவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாவியின் இரு கரையிலும் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன. நாய் படுத்துவிட்டால் கதை வேறு. பக்கத்து வீட்டார் ஒரு குளிசையின் பெயரைச் சொல்வார். மருந்துக்கடையில் நிற்கும் தம்பி இன்னொன்றை எடுத்துத் தருவார். வைத்தியரிடம் கொண்டுபோனாலும் பல வேளைகளில் கிடைப்பது ஒரு காய்ச்சல் ஊசியும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும்தான். என்ன நோய் என்று கேட்டால் “காய்ச்சல்” என்று பதில் வரும். காய்ச்சல் ஒரு நோயின் பெயர் அல்ல. உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்பதற்கான அறிகுறி மட்டுமே. அந்த ஏதோ என்னவென்று தெரியாமல் போடும் ஊசி சில நாய்களைக் காப்பாற்றும், சில நாய்களுக்கு இரண்டு நாள் அவகாசம் தரும், சிலவற்றைக் கொன்றும்விடும்.

இதில் வைத்தியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் நாட்டின் விலங்கு மருத்துவ ஏற்பாடு கால்நடைக்காகக் கட்டப்பட்டது. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. படுவான்கரையின் பட்டிமாடுகளுக்கும் எருமைகளுக்கும் சினைப்படுத்தல், கால்வாய் நோய்த் தடுப்பூசி, ஆடு கோழிகளுக்கான மருந்து என்று ஓடும் ஓர் அலுவலகத்தில், வாசலில் ஒரு நாயைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பவர் கடைசி ஆள்தான். முழு இலங்கைக்கும் கால்நடை மருத்துவ பீடம் ஒன்றே ஒன்று, பேராதனைப் பல்கலைக்கழகத்தில். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே கொண்டுபோனால் பார்க்க மாட்டார்களா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே விவசாய பீடத்தின் கீழ் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது. அது விலங்கு வளர்ப்பைப் படிப்பிக்கும் துறை, விலங்கு வைத்தியரை உருவாக்கும் துறை அல்ல.

நோயின் பெயர் தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்று மாட்டு விடயத்தில் கிழக்கு மாகாணம் ஒருமுறை பார்த்தது. 2022 டிசெம்பரில் மாண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. தொற்று நோயா, நஞ்சா என்று தெரியாமல் ஊர் கலங்கியது. இறைச்சியைக் கொண்டுசெல்வதற்குத் தடை வந்தது. கடுங்குளிரும் மழையும்தான் காரணம் என்று திணைக்களம் அறிவித்த பிறகுதான் மக்கள் மூச்சு விட்டார்கள். வீட்டு நாய் ஒன்று சாகும்போது இப்படி யாரும் விசாரிப்பதில்லை. பின்வளவில் குழி தோண்டி, மேலே ஒரு தென்னங்கன்றை வைத்துவிட்டு மறந்துபோகிறோம்.

ராணிக்கு வந்தது

அம்மாவின் வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். அங்கே வளரும் நாயின் பெயர் ராணி. நான்கு வயது, ஊர் நாய், செம்மண் நிறம். ஒருநாள் காலையில் அம்மா தொலைபேசியில் சொன்னது இது: “மனே, ராணி ரெண்டு நாளாச் சோறு தொடல்ல. எள்ளுப்போலத் தண்ணி குடிச்சிற்றுப் படுத்திருக்கு. மறுகா மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போகுது.”

கடைசி வரிதான் என்னை எழுப்பியது. சாப்பிடாத நாய்க்கு நூறு காரணம் இருக்கலாம். தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர் போகும் நாய்க்குக் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலும் இரத்தத்தின் செங்குழியங்கள் உடைந்து, அவற்றின் நிறப்பொருள் சிறுநீரில் கலக்கிறது என்று அர்த்தம்.

முதலில் பார்த்த இடத்தில் வழமையான ஊசிகள் இரண்டு கிடைத்தன. அன்று இரவு ராணி எழும்பிக் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் சுருண்டுவிட்டாள். அப்போது மண்முனைப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்கு இன்னொரு வைத்தியரிடம் கொண்டுபோனோம். (2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தில் ‘பாதை’யில்தான் வாவியைக் கடக்க வேண்டும். நோயாளி மனிதராக இருந்தாலும் நாயாக இருந்தாலும் பாதை வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.) அந்த வைத்தியர் ஊசியை எடுக்கவில்லை. ராணியின் மேலுதட்டைத் தூக்கினார். “முரசைப் பாருங்க” என்றார். நல்ல நாயின் முரசு எங்கள் உள்ளுதடு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டவுடன் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பும். ராணியின் முரசு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது, ஓரத்தில் எள்ளுப்போல மஞ்சள். வெப்பமானி 40.3 காட்டியது. நாய்க்கு 38.3இலிருந்து 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். மனிதரின் 37 பாகையை வைத்து நாயை அளந்தால் ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் காய்ச்சல்தான்.

பிறகு காது மடலின் ஓரத்தில் ஊசி முனையால் ஒரு குத்து. வந்த முதல் துளியை ஒரு கண்ணாடி ஸ்லைட்டின் நுனியில் வைத்து, இன்னொரு ஸ்லைட்டின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தார். காற்றில் காயவைத்து, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த காசு எங்களைக் கொண்டுபோன ஓட்டோவின் கூலியைவிடக் குறைவு.

செங்குழியங்களுக்குள் சின்னச் சின்ன வளையங்களாக ஒட்டுண்ணி இருந்தது. பெயர் பபீசியா. வடிவத்தைப் பார்த்தால் கிப்சோனி இனமாக இருக்கும் என்றார்.

ஒரே முகம், பல நோய்கள்

எங்கள் ஊரில் இதை “உண்ணிக் காய்ச்சல்” என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். உண்ணி கடித்து வருவது என்ற அளவில் அது சரி. ஆனால் உண்ணி கொண்டுவருவது ஒன்றல்ல. பபீசியா செங்குழியத்துக்குள் வாழும் புரட்டோசோவா. ஏர்லிக்கியா வெண்குழியத்துக்குள் வாழும் பற்றீரியா. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மூக்கால் இரத்தம் வடியவும் தோலுக்குக் கீழ் புள்ளி புள்ளியாய் இரத்தம் கட்டவும் வைக்கும். ஹெப்பட்டோசூன் என்று மூன்றாவது ஒன்று. அது உண்ணி கடித்து அல்ல, நாய் உண்ணியைக் கடித்து விழுங்குவதால் வருவது. மூன்றுக்கும் வெளியில் ஒரே முகம்: காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டு மறுப்பு, மெலிவு. ஒரே நாயில் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். இவற்றோடு உண்ணிக்குச் சம்பந்தமில்லாத எலிக்காய்ச்சலையும் சேர்க்க வேண்டும். வயல் வரப்பிலும் வாவி ஓரச் சேற்றிலும் திரியும் நாய்க்கு அது வரும். மஞ்சள் நிறமும் கடும் நிறச் சிறுநீரும் அதிலும் உண்டு. அது நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், ஈரலா உண்ணியா என்று ஊகித்துக்கொண்டிருக்க முடியாது.

பெயர் ஏன் முக்கியம் என்பதற்குப் பபீசியாவே நல்ல உதாரணம். அதில் பெரிய வகை ஒன்று, சிறிய வகை ஒன்று. பெரிய வகை செங்குழியத்துக்குள் பேரிக்காய் வடிவில் சோடியாக இருக்கும். இமிடோகார்ப் என்ற ஊசிக்கு நன்றாகப் பணியும். சிறிய வகையான கிப்சோனி அந்த ஊசிக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்ந்த சிகிச்சை, அல்லது கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல், டொக்சிசைக்கிளின் மூன்றும் சேர்ந்த நீண்ட சிகிச்சை தேவைப்படும். ஏர்லிக்கியாவுக்கோ டொக்சிசைக்கிளின் மட்டும் நான்கு வாரம். இலங்கை நாய்களில் அதிகம் காணப்படுவது கிப்சோனிதான். ஆகவே “உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு ஊசி” என்ற ஊர்ப் பழக்கம், எங்கள் நாய்களுக்கு அதிகம் வரும் நோயிலேயே தோற்றுப்போகிறது.

இந்தக் கிருமியின் கதையில் ஒரு தமிழ்நாட்டுப் பக்கம் உண்டு. பபீசியா என்ற பெயர் ருமேனியாவின் விக்டர் பாபெஸ் என்பவரிடமிருந்து வந்தது. அவர் 1888இல் மாடுகளின் இரத்தத்தில் இந்த வகைக் கிருமியைக் கண்டார். உண்ணிதான் இதைக் காவுகிறது என்று அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். நாயின் சிறிய வகையை 1910இல் விவரித்தவர் பற்றன் என்ற ஆங்கிலேய மருத்துவர். எங்கே? சென்னையில். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கு வளர்த்த நாய்களின் இரத்தத்திலும், பிறகு நரியின் இரத்தத்திலும். இன்று அதே கிருமி யப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் சண்டைக்கு வளர்க்கப்படும் நாய்களில். உண்ணி இல்லாமலே கடியினால் இரத்தத்தோடு இரத்தம் கலந்து பரவுகிறது. சென்னை வேட்டை நாயில் கண்ட கிருமி நூறு வருடம் கழித்துக் கொக்கட்டிச்சோலையில் கஞ்சி குடிக்கும் ஒரு நாயில் இருப்பதில் ஆச்சரியமில்லை. உண்ணிக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை.

ராணிக்கு மூன்று மருந்துச் சிகிச்சை நடந்தது. பல வாரம். குளிசையைக் கருவாட்டுத் துண்டுக்குள் ஒளித்துவைத்துக் கொடுப்பதில் அம்மா தேர்ச்சி பெற்றுவிட்டார். முரசு இரண்டாம் வாரத்தில் நிறம் கண்டது. ஆனால் கிப்சோனி பெரும்பாலும் முழுதாக விட்டுப் போவதில்லை. சுகமான நாயும் அதைக் காவிக்கொண்டே இருக்கலாம், குட்டிக்கும் கொடுக்கலாம். ஆகவே ராணி இனி வேறு நாய்க்கு இரத்தம் கொடுக்க முடியாது. இன்னொரு நோயில் பலவீனப்பட்டால் பழையது தலைதூக்கலாம். இதையெல்லாம் அவளுடைய தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

நாயை விட்டு இரத்தத்தை அனுப்புங்கள்

ஸ்லைட்டில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தம் அல்ல. நாட்பட்ட தொற்றில் கிருமி மிகக் குறைவாக இருக்கும். ஏர்லிக்கியாவை ஸ்லைட்டில் பிடிப்பது அதிர்ஷ்டம். அப்போதுதான் முழுக் குருதிப் பரிசோதனையும், ஈரல், சிறுநீரக அளவீடுகளும், தேவையானால் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் வேண்டும். இவற்றுக்காகப் பேராதனைக்குப் போக வேண்டி வரலாம். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, மகாஓயா வழியாக வரும் ஏ5 நெடுஞ்சாலை எங்கள் செங்கலடியில்தான் வந்து முடிகிறது என்பது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் உண்மையில் யாரும் அந்த முழு றோட்டில் போவதில்லை. மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போய்ப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போவார்கள். குருதிச்சோகையில் மூச்சு வாங்கும் நாயை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் ஏறுவது நல்ல யோசனை அல்ல.

பல வேளைகளில் நாய் போகத் தேவையில்லை, இரத்தம் போனால் போதும். இதை உங்கள் வைத்தியரிடம் நீங்களே கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை. இரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பக்கற்றோடு வைக்கலாம், ஆனால் குழாய் நேரே ஐஸைத் தொடக் கூடாது. உறைந்தால் குழியங்கள் வெடித்துவிடும். அந்த இடத்திலேயே இரண்டு ஸ்லைட்டும் இழுத்து, காயவைத்து, கடதாசியில் சுற்றி வேறாக வைக்க வேண்டும், ஏனென்றால் குழாய்க்குள் நேரம் போகப் போகக் குழியங்களின் வடிவம் கெட்டுப்போகும். போர்மலினில் போட்ட கட்டித் துண்டு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் அதை ஸ்லைட்டோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. போர்மலின் ஆவி பட்ட ஸ்லைட் சாயம் பிடிக்காது. இந்தக் கடைசி விடயத்தை யாரும் சொல்வதில்லை. ஸ்லைட் பழுதாகிப் போனால் மறுபடி இரத்தம் எடுத்து மறுபடி பஸ் ஏற வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு கடதாசியும் வேண்டும். நாயின் வயது, பால், நிறை, தடுப்பூசி விபரம், நோய் தொடங்கிய நாள், முரசின் நிறம், வெப்பநிலை, சிறுநீரின் நிறம், உண்ணி இருந்ததா, வாந்தி, வயிற்றோட்டம், இதுவரை கொடுத்த மருந்துகள். கொடுத்த மருந்துதான் இதில் மிக முக்கியம், பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். “ஒரு வெள்ளைக் குளிசை” என்று எழுதினால் ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு எதுவும் விளங்காது. குளிசை மட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு, நடுக்கம், இருமல் போன்றவை வைத்தியரின் மேசையில் ஏறினவுடன் நின்றுவிடும். அவற்றைத் தொலைபேசியில் காணொளியாக எடுத்து வைத்திருப்பது ஒரு பக்கம் எழுதுவதைவிட மேல்.

மருந்தைப் பற்றிய பேச்சு வந்ததால் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. பனடோல் பூனையைக் கொல்லும். பாதிக் குளிசையும் கொல்லும். பூனையின் ஈரலுக்குப் பரசிற்றமோலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் இல்லை. இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் போய் முரசு சொக்லேட் நிறமாக மாறும், முகம் வீங்கும். எங்கள் வீடுகளில் பனடோல் இல்லாத அலுமாரி இல்லை என்பதால் இந்தச் சாவு அதிகம். நாய்க்கு மனிதரின் வலி மருந்தான இபுப்ரோஃபனும் அப்படித்தான், வயிற்றுப் புண்ணிலிருந்து சிறுநீரகம் வரை.

இலண்டனில் ஒரு ஃபெரட்

இலண்டனில் இருக்கும் மருமகன் ஒருவன் ஃபெரட் என்ற பிராணியை வளர்க்கிறான். கீரி மாதிரி நீளமாக இருக்கும். ஆனால் கீரிக்கும் மரநாய்க்கும் அது உறவல்ல. இலங்கையில் அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே விலங்கு நீர்நாய்தான். அந்த ஃபெரட் பின்னங்கால் இழுத்து, வாயால் நீர் வடித்து, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். நரம்பு நோயா என்று பயந்து கொண்டுபோயிருக்கிறான். வைத்தியர் முதலில் பார்த்தது இரத்தச் சர்க்கரையை. நீரிழிவுக்காரர் வீட்டில் பார்ப்பாரே, அது மாதிரி ஒரு துளியில். சர்க்கரை மிகக் கீழே இருந்தது. வயதுபோன ஃபெரட்டுகளுக்கு இன்சுலினைச் சுரக்கும் சதையிக் கட்டி அடிக்கடி வரும். அதன் முதல் தடயம் இந்த எண்தான். ஸ்கான் எல்லாம் பிறகு. பணக்கார நாட்டிலும் நல்ல வைத்தியர் தொடங்குவது ஒரு துளி இரத்தத்தில்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஃபெரட்டுக்கும் எங்கள் ஊர் நாய்களுக்கும் வேறொரு பழைய கணக்கும் இருக்கிறது. நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரட்டைப் பிடித்தால் அனேகமாக மரணம்தான். அதனாலேயே 1920களில் இங்கிலாந்தில் டங்கினும் லெய்ட்லோவும் டிஸ்டெம்பர் தடுப்பூசியை உருவாக்க ஃபெரட்டுகளைப் பயன்படுத்தினார்கள். அதே ஆய்வுகூடத்தில் இருந்த ஃபெரட்டுகளை வைத்துத்தான் 1933இல் மனித இன்புளுவென்சா வைரஸும் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. டிஸ்டெம்பரின் தொடக்கம் கண்ணிலும் மூக்கிலும் பீளை, இருமல், காய்ச்சல். தடிமன் என்று விட்டுவிடுவார்கள். குட்டி கொஞ்சம் தேறும். சில வாரம் கழித்துத் தாடை தன்பாட்டில் மெல்லத் தொடங்கும், ஒரு கால் தாளம் போட்ட மாதிரித் துடிக்கும், வலிப்பு வரும். அந்த நிலையில் பெயர் தெரிந்து பெரிய பயன் இல்லை. குட்டிப் பருவத்தில் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதுவும் அடங்குகிறது. விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று, இனி ஒன்றும் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இரண்டும் வேறு வேறு ஊசி என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் கண்டுபிடிக்கப் போகக் கூடாத நோய்

வாயால் நீர் வடிக்கும் நாய், தாடை தொங்கும் நாய், விழுங்க முடியாத நாய். ஊரில் உடனே வரும் விளக்கம் “தொண்டையில எலும்பு சிக்கிற்று.” அடுத்தது, யாராவது ஒருவர் வாய்க்குள் கையை விடுவார். விசர்நாய் நோய் எப்போதும் ஓடி ஓடிக் கடிக்கும் உருவத்தில் வருவதில்லை. ஊமை வகை ஒன்று உண்டு: நாய் அமைதியாக மூலையில் ஒதுங்கும், குரல் மாறும், தாடை நரம்பு செயலிழந்து வாய் திறந்தபடி தொங்கும், உமிழ்நீர் வழியும். அந்த உமிழ்நீரில்தான் வைரஸ் இருக்கிறது. கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். ஆகவே தடுப்பூசி நிச்சயமில்லாத நாயின் வாய்க்குள் எலும்பு தேடாதீர்கள். கூட்டிலோ அறையிலோ அடைத்துவிட்டுக் கால்நடை வைத்தியரையும், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழையுங்கள்.

இலங்கையில் இந்த நோய்க்கு எதிரான சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 300 பேருக்கு மேல் இதனால் இறந்தார்கள். நாய்களுக்கான இலவசத் தடுப்பூசியும் கடிபட்டவருக்கான தடுப்பூசியும் பரவலான பிறகு அந்த எண் சில பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது. இறந்துகொண்டிருப்பவர்களில் அதிகமானோர் கடியைப் பொருட்படுத்தாமல் விட்டவர்கள், அல்லது தங்கள் சொந்தக் குட்டி கடித்ததைக் கடியாகவே எண்ணாதவர்கள்.

உயிரோடு இருக்கும் நாயில் விசர்நாய் நோயை உறுதிப்படுத்தும் நம்பகமான பரிசோதனை கிடையாது. இரத்தம் எடுத்துப் பார்க்க முடியாது. கடித்த நாய் நலமாக இருந்தால் 10 முதல் 14 நாள் அடைத்துவைத்துக் கவனிப்பார்கள்; அந்த நாட்களில் அது நலமாகவே இருந்தால் கடித்தபோது உமிழ்நீரில் வைரஸ் இருக்கவில்லை என்று கொள்ளலாம். செத்துவிட்டால் விடை மூளையில்தான் இருக்கிறது. இங்கேதான் ஊர்ப் பழக்கம் காரியத்தைக் கெடுக்கிறது: பயத்தில் உடனே அடித்துக் கொல்வது, தலையில் அடித்து மூளையைச் சிதைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பது, ஆழப் புதைப்பது. எரித்த தலையில் எந்த ஆய்வுகூடமும் எதையும் பார்க்க முடியாது. தலையை வெட்டுவது உங்கள் வேலை அல்ல. அதைப் பயிற்சி பெற்றவர் கையுறை, கண்ணாடி போட்டுச் செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, உடலைத் தொடாமல் நிழலில் வைத்து, மற்ற நாய்கள் கிட்ட வராமல் பார்த்து, பரிசோதகர் வரும்வரை ஐஸ் போட்டு வைப்பது. மாதிரி ஒழுகாத பெட்டியில் ஐஸோடு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும். போர்மலினில் போடக் கூடாது. மட்டக்களப்பு வெயிலில் அரை நாள் கிடந்த தலை கொழும்புக்குப் போய்ச் சேரும்போது கூழாகியிருக்கும், முடிவும் வராது. யாரைக் கடித்தது, எப்போது கடித்தது, எப்போது செத்தது, தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்ற விபரங்கள் கூடவே போக வேண்டும்.

கடிபட்டவர் அந்த முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. முடிவு “இல்லை” என்று வந்தால் மிச்ச ஊசிகளை நிறுத்துவதா என்று வைத்தியர் தீர்மானிப்பார்.